பழைய காரைச் சீரமைத்த பின் மிஞ்சும் உதிரிபாகங்கள்: எங்கு உரியவை எனக் கண்டறிவது எப்படி?

புதுடெல்லி: அம்பாசடர், பிரீமியர் பத்மினி போன்ற பழைய கார்களை முழுவதுமாகப் பிரித்துச் சீரமைப்போரிடம், பணி முடிந்த பின்னும் சில போல்ட்டுகளும் வாஷர்களும் மிஞ்சுவது வழக்கம். இவற்றில் பல தேவையற்றவை. ஆனால் சில, பொருத்தப்படாவிட்டால் ஓடும் வண்டியின் சக்கரமே கழன்றுவிடக்கூடிய அளவுக்கு முக்கியமானவை.

ஏன் மிஞ்சுகின்றன?

ஒரே ரிப்பேர் கிட் பல மாடல்களுக்குப் பொதுவாகத் தயாரிக்கப்படுவதால், அதிலுள்ள சில வாஷர்களும் கேஸ்கெட்டுகளும் குறிப்பிட்ட காருக்குத் தேவைப்படாமல் போகலாம். முன்பு பழுது பார்த்தவர்கள் கூடுதலாகச் சேர்த்த பாகங்களும் இருக்கலாம். எனினும், காரணம் உறுதியாகும் வரை எதையும் வீசிவிடக் கூடாது.

மரை காட்டும் அடையாளம்

அம்பாசடர், பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு சீரிஸ் 3 காரை அடிப்படையாகக் கொண்டது. எனவே அதன் தொடக்ககால வண்டிகளில் அங்குல அளவு போல்ட்டுகள் உள்ளன. இத்தாலியின் ஃபியட் 1100 வழிவந்த பத்மினியில் மெட்ரிக் அளவு பயன்படுத்தப்பட்டது.

5/16 அங்குல போல்ட்டின் விட்டம் 7.94 மி.மீ.; எம்8 போல்ட்டின் விட்டம் 8 மி.மீ. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஆனால் யுஎன்எஃப் வகை 5/16 போல்ட்டில் ஓர் அங்குலத்துக்கு 24 மரைகள். வழக்கமான எம்8-இல் சுமார் 20 மட்டுமே. மாற்றிப் பொருத்தினால் ஓரிரு சுற்றுகளில் இறுகிவிடும். வலிந்து முறுக்கினால் மரை சிதையும். மரை அளவியைக் கொண்டு சோதித்தால் குழப்பம் தீரும்.

உலோகத்தில் பதிந்த தடயம்

போல்ட் இருந்த இடத்தில் வாஷரின் வட்டத் தடம் பெயின்ட்டிலோ துருவிலோ பதிந்திருக்கும். பாகத்தின் மீதுள்ள கிரீஸ், கரி, வெப்பத்தால் ஏற்பட்ட நிறமாற்றம் ஆகியவை அது ஹப், புகைபோக்கி போன்ற எந்தப் பகுதியைச் சேர்ந்தது என்பதை உணர்த்தும். இடது பக்கத்தை வலது பக்கத்துடன் ஒப்பிடுவதும், பாகங்கள் பிரித்து வரையப்பட்ட உதிரிபாகக் கையேட்டைப் பார்ப்பதும் பயன் தரும். வார்ப்பில் பொறிக்கப்பட்டுள்ள எண், கையேட்டிலுள்ள உதிரிபாக எண்ணிலிருந்து வேறுபடக்கூடும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

அலட்சியம் கூடாதவை

வீல் ஹப், ஸ்டீயரிங் இணைப்புகளில் நட் கழலாமல் காக்கும் ஸ்பிளிட் பின், பிரேக் பாகங்கள், ஆக்ஸிலேட்டரை மீளச் செய்யும் ஸ்பிரிங் ஆகியவை மிஞ்சினால், இடம் தெரியும் வரை வண்டியை இயக்கக் கூடாது. எஞ்சினை பாடியுடன் இணைக்கும் எர்த் பட்டை விடுபட்டால், ஸ்டார்ட்டருக்கான மின்சாரம் சோக் அல்லது ஆக்ஸிலேட்டர் கேபிள் வழியே பாய்ந்து அதைச் சூடாக்கிவிடும்.

பதிவுக்கும் தொடர்பு

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2021-இல் கொண்டுவந்த விதிகளின்படி, 50 ஆண்டுகளுக்கு மேற்பட்ட, மூல வடிவில் பராமரிக்கப்படும் வாகனங்களை 'விண்டேஜ்' பிரிவில் பதிவு செய்யலாம். சேசிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரும் மாற்றம் செய்திருக்கக் கூடாது. புதிய பதிவுக்கு ரூ.20,000 கட்டணம், பதிவு 10 ஆண்டுகள் செல்லும்.

ஆகவே, மூல பாகங்களைப் பெயரெழுதிய பைகளில் பாதுகாப்பதும், பிரிக்கும்போதே ஒவ்வொரு கட்டத்தையும் புகைப்படம் எடுத்துக்கொள்வதும் பாதுகாப்புக்கு மட்டுமன்றி, காரின் மூல வடிவத்தைக் காக்கவும் உதவும்.