கோல்ஃப் 'பட்டிங்' பயிற்சிச் சாதனங்கள்: காசு கொடுத்து வாங்கத்தான் வேண்டுமா?

கோல்ஃபில் பந்தை 250 மீட்டர் பறக்கவிடுவதும் ஓர் அடி. குழிக்கு அரை மீட்டர் தள்ளி நின்று மெல்லத் தட்டுவதும் ஓர் அடி. கணக்கில் இரண்டும் ஒன்றுதான்.

குழியைச் சுற்றிப் புல்லை ஒட்ட வெட்டிய பகுதியைக் 'கிரீன்' என்பார்கள். அதில் பந்தை உருட்டிவிடுவது 'பட்டிங்'. அதற்கான மட்டை 'பட்டர்'. ஒரு குழிக்கு இத்தனை அடி என்று வகுக்கும்போதே அதில் 2 அடி பட்டிங்குக்கு என ஒதுக்கப்படுகிறது. 18 குழிக்கு 36. வழக்கமான 72 அடி கொண்ட திடலில் அது சரிபாதி!

அதனால்தான் இணையத்தில் தேடினால் சாதனங்கள் வந்து கொட்டுகின்றன. கண்ணாடி, தண்டவாளம், லேசர், உணர்கருவி... விலை சில வெள்ளியில் தொடங்கிப் பல நூறு வெள்ளி வரை போகிறது.

சிங்கப்பூரில் பயிற்சிக்கு இடம் கிடைப்பதும் எளிதில்லை. பொதுமக்கள் விளையாடக்கூடிய மரினா பே 18 குழித் திடல் 2024ஆம் ஆண்டு மூடப்பட்டது. அதே ஆண்டுதான் ஷானன் டான் ஒலிம்பிக்கில் சிங்கப்பூரைப் பிரதிநிதித்த முதல் கோல்ஃப் வீராங்கனை ஆனார். அவரைப் பார்த்து ஆசைப்படும் இளையர் பலருக்குப் பயிற்சித் திடல், வீவக வீட்டின் வரவேற்பறைதான்.

அப்போ எதை வாங்கலாம்? அதற்கு முன், பந்து ஏன் தவறுகிறது என்று பார்த்துவிடுவோம்.

பந்து ஏன் குழிக்குள் போவதில்லை?

குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர். பந்தின் விட்டம் ஏறக்குறைய 43 மில்லிமீட்டர். பார்க்க இடம் தாராளமாக இருப்பதுபோல் தெரியும். ஆனால் 3 மீட்டர் தூரத்தில் நின்று பாருங்கள். சமதரையிலேயே, பந்து கிளம்பும் திசை 1 பாகை விலகினால் போதும், அது குழியின் விளிம்புக்கே போய்விடும். 1 பாகை என்பது கடிகார முள் 10 நொடியில் நகரும் தூரம்கூட இல்லை. நொடி முள்ளைச் சொல்கிறோம், அதுவே 1 நொடியில் 6 பாகை நகரும்!

அதனால் தவறவிட்டால் ரொம்ப நொந்துகொள்ள வேண்டாம். அமெரிக்காவின் பிஜிஏ தொடரில் ஆடும் நிபுணர்களே சுமார் 2.4 மீட்டரிலிருந்து இரண்டில் ஒன்றைத்தான் உள்ளே போடுகிறார்கள்.

அந்த 1 பாகையை எது முடிவு செய்கிறது? பந்தைத் தொடும் நொடியில் பட்டரின் முகம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதுதான் பெரும்பங்கு. பந்து கிளம்பும் திசையில் சுமார் 80 விழுக்காட்டை முகம் தீர்மானிக்கிறது என்பது ஆய்வுகளில் கண்ட விவரம். மட்டை எந்தப் பாதையில் வருகிறது என்பதற்கு ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை.

தண்டவாளமா, கண்ணாடியா?

இந்த ஒரு தகவலை வைத்தே பாதிச் சாதனங்களை ஒதுக்கிவிடலாம்.

பட்டரை வளைந்த தண்டவாளத்தில் ஒட்டி இழுக்கவைக்கும் சாதனங்கள் பிரபலம். அவை திருத்துவது பாதையை. பாதை ஒழுங்காக இருந்தும் முகம் 2 பாகை திறந்திருந்தால் பந்து வெளியேதான் போகும். மட்டையைக் கண்டபடி சுழற்றும் புதியவர்களுக்குத் தண்டவாளம் உதவும், மறுப்பதற்கில்லை. மற்றவர்களுக்கு அது சின்னப் பிரச்சினைக்குப் பெரிய செலவு.

தரையில் வைக்கும் கண்ணாடி வேறு ரகம். கண் பந்துக்கு நேர் மேலே இருக்கிறதா, தோள்கள் இலக்குக் கோட்டுக்கு இணையாக இருக்கின்றனவா என்று காட்டும். நிற்கும் நிலை தப்பாக இருந்தால் குறியே கோணலாகத் தெரியும், ஆகவே பயனுள்ளதுதான். ஆனால் அடிக்கும் முன் உள்ளதை மட்டுமே அது சொல்லும். அடித்த பிறகு என்ன ஆனது என்பதைச் சொல்லாது.

6 சென்ட்டிமீட்டர் வாசல்

பந்து நினைத்த திசையில் கிளம்பியதா? இதற்கு 'ஆம்', 'இல்லை' என்று உடனே பதில் சொல்வதுதான் நல்ல சாதனம். அது உங்கள் வீட்டிலேயே இருக்கிறது.

இரண்டு பசைக்குச்சிகளை எடுத்து, இடையில் 6 சென்ட்டிமீட்டர் இடைவெளி விட்டு நிறுத்துங்கள். அதற்கு அரை மீட்டர் முன்னால் பந்தை வையுங்கள். குச்சிகளில் படாமல் பந்து நடுவே போக வேண்டும். அவ்வளவுதான்.

ஏன் அந்த அளவு? பந்து நடுவில் இருக்கும்போது இருபுறமும் 8 மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமான இடம் மிஞ்சும். அரை மீட்டர் தூரத்தில் அது கிட்டத்தட்ட அதே 1 பாகை. அதாவது இந்த வாசலைத் தாண்டும் பந்து, 3 மீட்டர் தள்ளியிருக்கும் குழியின் அகலத்துக்குள்ளும் போகும். முழு கிரீன் தேவையில்லை, சோஃபாவுக்கும் தொலைக்காட்சிக்கும் நடுவில் உள்ள இடம் போதும். (இரவு 11 மணிக்கு வெறும் தரையில் செய்யாதீர்கள், கீழ்வீட்டுக்காரர் மேலே வந்துவிடுவார். பாய் விரித்துக்கொள்ளுங்கள்.)

டைகர் உட்ஸ் பல ஆண்டுகளாகச் செய்துவரும் பயிற்சியும் இந்தக் குடும்பம்தான். பட்டரின் தலை மட்டும் நுழையும் அளவுக்கு இரண்டு 'டீ' குச்சிகளைக் குத்திவைத்து, அவற்றின் நடுவே அடிப்பார். எத்தனையோ முக்கியப் பட்டங்களை வென்றவரின் சாதனம், இரண்டு மரக்குச்சி.

இன்னொன்று, 1 மீட்டர் நீள இரும்பு அடிக்கோல். 3 சென்ட்டிமீட்டர் அகலமுள்ள கோலின் ஒரு முனையில் பந்தை வைத்து, மறுமுனை வரை கீழே விழாமல் உருட்ட வேண்டும். வாசலைவிடக் கொஞ்சம் கண்டிப்பானது.

வேகத்தை வீட்டில் கற்க முடியுமா?

பாதிதான் முடியும்.

நாசாவில் பணியாற்றிய பின் பட்டிங் ஆய்வில் இறங்கியவர் டேவ் பெல்ஸ். தவறும் பந்து குழியைத் தாண்டிச் சுமார் 43 சென்ட்டிமீட்டரில் நிற்கும் வேகமே சிறந்தது என்பது அவர் கருத்து. பந்தை ஏறவிட்டுத் திருப்பி அனுப்பும் வளைந்த சரிவுச் சாதனங்கள் இதைத்தான் பழக்க முயல்கின்றன. ஓரளவு நன்றாகவே செய்கின்றன.

ஆனால் பாயின் வேகம் வேறு, கிரீனின் வேகம் வேறு. நம் வட்டாரத்தின் வெப்பத்தில் வளரும் பெர்முடா வகைப் புல் ஒரு பக்கமாகச் சாய்ந்து வளரக்கூடியது. சாய்ந்த திசையில் பந்து ஓடும், எதிர்த்திசையில் தயங்கும். இதை எந்தப் பாயும் சொல்லித்தராது. திடலில் ஆட்டம் தொடங்குமுன் பயிற்சிக் கிரீனில் 15 நிமிடம் கிடைத்தால், அதைத் திசைக்குச் செலவிடாதீர்கள். வெவ்வேறு தூரத்துக்கு உருட்டி வேகத்தைப் பழகுங்கள்.

சாதனத்தை எப்போது ஒதுக்குவது?

இதைத்தான் பெட்டிமேல் யாரும் அச்சிடுவதில்லை. ஒவ்வொரு முறையும் வழிகாட்டுதல் கிடைத்துக்கொண்டே இருந்தால் பயிற்சியில் பிரமாதமாகச் செய்வோம், அதை எடுத்ததும் சொதப்புவோம். உடலியக்கக் கற்றலை ஆராய்பவர்கள் 1980களிலிருந்தே இதைப் பற்றிப் பேசிவருகிறார்கள். வழிகாட்டும் தண்டவாளத்தையே மூளை நம்பத் தொடங்கிவிடுகிறது, கையை நம்புவதில்லை.

எனவே வாசலுடன் 10 பந்து, வாசல் இல்லாமல் 10 பந்து என்று மாற்றி மாற்றிச் செய்யுங்கள். ஒரே இடத்திலிருந்து 50 பந்து அடிப்பது மனத்துக்குத் திருப்தி தரும். திடலிலோ ஒரே பட்டை இரண்டாவது தடவை அடிக்க வாய்ப்பே கிடையாது. அதனால் தூரத்தையும் அடிக்கடி மாற்றுங்கள்.

போட்டியில் பயன்படுத்தலாமா?

கூடாது. சுற்று தொடங்கிய பிறகு, பயிற்சிச் சாதனத்தைக் கொண்டு வெறுமனே மட்டையை வீசிப் பார்த்தாலும் விதி 4.3இன்படி தண்டனை உண்டு. அடிகளை எண்ணி ஆடும் ஆட்டத்தில் முதல் முறை 2 அடி கூடும். மறுபடியும் செய்தால் ஆட்டத்திலிருந்தே நீக்கம். பையில் சும்மா வைத்திருப்பது தவறில்லை.

பந்தின் மேல் பேனாவால் ஒரு கோடு போட்டு, அதை இலக்கை நோக்கித் திருப்பி வைத்து அடிக்கலாம். அதற்கு விதியில் தடையில்லை. உருளும்போது அந்தக் கோடு ஆடாமல் நேராகத் தெரிகிறதா என்று கவனியுங்கள். ஆடினால், பந்து சரியாக அடிபடவில்லை அல்லது கோட்டின் திசையில் கிளம்பவில்லை.