நிலத்தோற்றக் கலைப் பேராசிரியர்

தனித்தமிழ் இயக்கத்தின் தலைவராகிய மறைமலையடிகளின் பெயரைத் தாங்கிய மறைமலைநகர், செங்கல்பட்டிற்கு வடக்கே பெருஞ்சாலையை ஒட்டி 1980ஆம் ஆண்டில் புதுநகராக உருவாக்கப்பட்டது. அதனைச் சூழ்ந்த நாடு ஏரிகளால் வளம் பெற்றதாகும். மேட்டு நிலத்தில் பெய்த மழை வரத்துக்கால் வழியே ஓர் ஏரியை நிரப்பும். மிகுந்த நீர் கலிங்கின் வழியே வெளியேறிக் கீழுள்ள ஏரியைச் சேரும். இத்தொடர்பு எங்கேனும் அறுந்தால் ஊர் துன்புறும். 2015 டிசம்பர்ப் பெருமழையில், ஏரிகளின் மிகைநீரும் அடையாற்றின் வெள்ளமும் புகுந்து, தாம்பரத்தை அடுத்த முடிச்சூர் நீரில் மூழ்கியதைப் பலரும் அறிவர்.

நீரின் வழியறிந்து, கட்டடமும் சாலையும் மரமும் ஒன்றையொன்று கெடுக்காதவாறு நிலத்தை அமைப்பதே நிலத்தோற்றக் கலை. இதனைப் பூந்தோட்டம் போடும் தொழில் என்றே பலர் எண்ணுவர்; அஃது இக்கலையின் சிறு கூறேயாம். சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில், கட்டடக்கலை கற்றுத் தேர்ந்தோர் இதனை மேற்படிப்பாகப் பயில்கின்றனர்.

இக்கலையைக் கற்பிக்கும் பேராசிரியருக்கு வகுப்பறை பாதி, வெளிநிலம் பாதி. மாணவர் வரையும் படத்தில் முதலில் இடம்பெறுவன சமவுயரக் கோடுகள். நீர் எங்கே இறங்கும், எங்கே தேங்கும், மண் களியோ மணலோ என்னும் வினாக்களுக்கு விடை கண்ட பின்னரே மரத்தைப் பற்றிய பேச்சு எழும். மாமல்லபுரக் கடற்கரையில் மணலைப் பற்றி நிற்கும் தாழைக்கும், ஏரிக்கரையைக் காக்கும் பனைக்கும் பணி வேறு, இடம் வேறு. கட்டடம் வரைந்தவன் அது முடிந்தவுடன் அதனைக் கண்ணால் காண்பான். மரத்தை வரைபவனோ இருபது ஆண்டுகளுக்குப் பின் விழப்போகும் நிழலை இன்றே மனத்திற் கண்டு கோடிடல் வேண்டும்.

தில்லியிலுள்ள திட்டமிடல், கட்டடக்கலைப் பள்ளியில் இத்துறைப் பேராசிரியராக விளங்கியவர் முகம்மது ஷாஹீர் (1948–2015). முகலாய மன்னர் ஹுமாயூன் கல்லறையைச் சூழ்ந்த தோட்டம் சீர்கெட்டிருந்து, 2003இல் புதுப்பித்து முடிக்கப்பட்டபோது அப்பணியில் இவர் பங்காற்றினார். ஏறத்தாழ 12 ஹெக்டேர்ப் பரப்பில், 40 மீட்டருக்கு 1 சென்டிமீட்டர் சரிவு என்னும் கணக்கில் வாய்க்கால்கள் திருத்தியமைக்கப்பட்டன. ஒரு சென்டிமீட்டர் என்பது ஏறக்குறைய விரல் நகத்தின் அகலமே! அச்சரிவு பிழைத்தால் நீர் இடையே நின்று பாசி படியும். மழைநீர் நிலத்துள் இறங்க 128 குழிகளும் தோண்டப்பட்டன. அருகிலுள்ள சுந்தர் நர்சரிப் பூங்காவையும் இவரே வடிவமைத்தார். அது மக்களுக்குத் திறக்கப்பட்டது 2018இல். அதனைக் காண அவர் இல்லை.

மறைமலைநகர்ப் பக்கத்தில் இக்கலை பயிலும் மாணவன் ஒருவன் வேலை தொடங்குவானாயின், அவன் முதலில் நாட வேண்டியவர் ஊர்ப் பெரியவரே. கலிங்கிலிருந்து புறப்பட்ட கால்வாய் முன்னாளில் எவ்வழியே ஓடியது, இன்று எத்தெருவின் கீழ் மறைந்துள்ளது என்று கேட்டறிந்து, அதனைப் படத்தில் நீலக்கோட்டால் குறித்தல் வேண்டும். எத்துணை அழகிய பூங்காவாயினும், அந்நீலக்கோட்டின் குறுக்கே அவன் வரைந்து வருவானாயின், பேராசிரியர் அதனைத் திருப்பித் தந்துவிடுவார்.