ஹலோவீனும் வீட்டுச் சொக்கலேற்றும்

ஒக்டோபர் மாதம் 31 ஆந் திகதி பொழுது சாயும் வேளையில், அமெரிக்க ஐக்கிய நாடுகளின் குடியிருப்புத் தெருக்களிலே பேய்களும் எலும்புக்கூடுகளும் சூனியக்காரிகளும் கூட்டங்கூட்டமாக நடமாடத் தொடங்கும். அவற்றின் உயரம் பெரும்பாலும் மூன்று நான்கு அடிக்கு மேற்படாது. வீடுதோறும் சென்று அவை கதவைத் தட்டும். கதவு திறந்ததும், "உபசரிப்பா, குறும்பா?" என்று ஒரே குரலிற் கேட்கும். இனிப்புக் கொடுத்து உபசரியாவிட்டால் குறும்பு செய்வோம் என்பது அதன் கருத்து. வீட்டாரும் அஞ்சியவர்போல நடித்து, மிட்டாய்களை அள்ளி அச்சிறுவர்களின் பைகளில் இடுவர். இதுவே ஹலோவீன் விழா.

அவ்வாறு வாசலிற் கொடுக்கப்படும் மிட்டாய் பெரும்பாலும் தொழிற்சாலையிற் செய்து, ஒவ்வொன்றாகத் தாளிற் சுற்றி விற்கப்படுவது. எனினும், அதே வீட்டின் சமையலறையில் வேறொரு தட்டம் இருத்தலுங் கூடும். சிலந்தி வலை வரைந்த சொக்கலேற்றுப் பாளங்களும், வெள்ளைப் போர்வை போர்த்த பேய்களும், எட்டுக்கால் சிலந்திகளும் அதில் அடுக்கப்பட்டிருக்கும். அவை அவ்வீட்டுத் தாயும் பிள்ளைகளும் தம் கையாற் செய்தவை. ஆயினும் தெருவிலிருந்து வரும் பிள்ளைக்கு அத்தட்டம் நீட்டப்படுவதில்லை. கையாற் செய்த பண்டம் வாசலை இழந்த வரலாறும், அதனைச் செவ்வனே செய்யும் முறையும் அறியத்தக்கவை.

ஹலோவீன் என்னுஞ் சொல், சகல புனிதர் திருநாளின் முன்னிரவு என்னும் பொருளுடையது. நவம்பர் முதலாந் திகதி சகல புனிதருக்கும், இரண்டாந் திகதி மரித்த ஆன்மாக்களுக்கும் உரியன என்பதைக் கத்தோலிக்க நேயர்கள் நன்கறிவர். அயர்லாந்திலும் ஸ்கொத்லாந்திலும் வாழ்ந்த பண்டைக் கெல்த்திய மக்கள், அறுவடை முடிந்து குளிர்காலம் புகுவதை இதே பருவத்திற் கொண்டாடினர். இவ்விரு மரபுகளும் காலப்போக்கிற் கலந்தன. இங்கிலாந்திலே ஏழைகளும் சிறுவர்களும் வீடுவீடாகச் சென்று, அவ்வீட்டில் இறந்தவர்களின் ஆன்மாக்களுக்காகச் செபிப்பதாகக் கூறி, ஆன்ம அப்பம் எனப்படும் சிறிய இனிப்பப்பத்தைப் பெற்றனர். வாசலிற் கேட்பதும் கொடுப்பதுமாகிய வழக்கத்தின் பழைய வடிவங்களுள் இதுவும் ஒன்று.

1845 ஆம் ஆண்டிலே தொடங்கிய பெரும் பஞ்சத்தால் அயர்லாந்து மக்கள் இலட்சக்கணக்கில் அமெரிக்கா சென்றபோது, இவ்விழாவும் அவர்களுடன் கடல் கடந்தது. ஊரிலே டர்னிப் கிழங்கைக் குடைந்து விளக்கேற்றியவர்கள், அங்கே பருத்த பூசணிக்காயைக் கண்டு, அதனைக் குடையலாயினர். வீடுதோறும் சென்று இனிப்புக் கேட்கும் இன்றைய முறை 1920 களிலும் 1930 களிலும் வட அமெரிக்காவிற் பரவியது. இரண்டாம் உலகப் போரின்போது 1942 இலிருந்து 1947 வரை அமெரிக்காவிற் சீனி பங்கீடு செய்யப்பட்டமையால் அது சற்று ஒடுங்கியது. பங்கீடு நீங்கியதும் முன்னிலும் பெருகியது. அக்காலத்தில் வீட்டிற் செய்த சோளப்பொரி உருண்டையும், பாகு பூசிய அப்பிளும், சொக்கலேற்றுத் துண்டுகளும் வாசலிலே தாராளமாக வழங்கப்பட்டன.

பின்னர் அச்சம் புகுந்தது. அப்பிளுக்குள் சவர அலகு வைக்கப்படுகிறது, மிட்டாயில் நஞ்சு கலக்கப்படுகிறது என்ற செய்திகள் 1960 களின் பிற்பகுதியிலிருந்து பரவின. 1974 ஆம் ஆண்டு ஹலோவீன் இரவிலே டெக்சாஸ் மாநிலத்தில் எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் நஞ்சூட்டிய மிட்டாயை உண்டு இறந்தான். நாடே நடுங்கியது. விசாரணையில் வெளிவந்த உண்மையோ இன்னுங் கொடியது. காப்புறுதிப் பணத்துக்காக நஞ்சு கொடுத்தவன் அச்சிறுவனின் சொந்தத் தந்தையே. அவனுக்கு 1984 இல் மரணதண்டனை நிறைவேற்றப்பட்டது. ஜோயல் பெஸ்ற் என்னும் சமூகவியலறிஞர், 1958 முதல் வந்த பத்திரிகைச் செய்திகளை ஆராய்ந்து, 1985 இல் மற்றோர் ஆய்வாளருடன் சேர்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார். முன்பின் அறியாத ஒருவர் ஹலோவீன் இனிப்பிற் கலந்த நஞ்சினால் ஒரு குழந்தை இறந்ததாக உறுதிப்பட்ட நிகழ்ச்சி ஒன்றையேனும் அவர் காணவில்லை. ஆயினும் அச்சம் ஆராய்ச்சியை விட வேகமாகப் பரவுவது. தாளிற் சுற்றி முத்திரையிட்ட மிட்டாயே பாதுகாப்பானதென்று பெற்றோர் துணிந்தனர். கையாற் செய்த பண்டம் வாசலை விட்டு உள்ளே சென்றது. இன்று அது உறவினருக்கும் நண்பருக்கும், செய்தவரை அறிந்த பிள்ளைகளுக்குமே உரியதாக இருக்கிறது.

இனி, அப்பண்டத்தைச் செய்யும் முறையைக் காண்போம். உருவங்களைச் சமைப்பது எளிது. சொக்கலேற்றை உருக்கி மீண்டும் உறையச் செய்வதே கடினம். கடையில் வாங்கிய சொக்கலேற்றுப் பாளம் பளபளப்பாக இருக்கும். ஒடித்தால் "டக்" என்ற ஓசையுடன் முறியும். அதையே வீட்டில் உருக்கி ஆறவைத்தால், பல வேளைகளில் மங்கி, நரைத்து, கைபட்டதும் பிசுபிசுக்கும். பொருள் ஒன்றாயிருக்கவும் இவ்வேற்றுமை எவ்வாறு வந்தது?

விடை கொக்கோ வெண்ணெயில் இருக்கிறது. கொக்கோ வித்திலுள்ள இக்கொழுப்பு உறையும்போது அதன் நுண்டுகள்கள் ஒழுங்காக அடுங்கிப் பளிங்குகளாகின்றன. அவை ஆறு விதமாக அடுங்கக்கூடும். அவற்றுள் ஐந்தாவது அமைப்பே சொக்கலேற்றுச் செய்வோர் விரும்புவது. அது ஏறக்குறைய 34 பாகை செல்சியசில் உருகும். மனித உடலின் வெப்பம் 37 பாகை. ஆதலால் அது அறையிலே உறுதியாக நின்று, நாவிலே கரைகின்றது. முதல் நான்கு அமைப்புகளும் இதனினுங் குறைந்த வெப்பத்தில் இளகுவன, உறுதியற்றவை. கவனமின்றி ஆறவிட்ட சொக்கலேற்றில் இவை கலந்துவிடுவதே மங்கலுக்கும் பிசுபிசுப்புக்கும் காரணம். வேண்டிய பளிங்கை மட்டும் வளர்த்து மற்றவற்றைத் தவிர்ப்பதைப் பதப்படுத்தல் எனலாம்.

வீட்டிற் பதப்படுத்துவதற்கு ஒரு வெப்பமானியும் சிறிது பொறுமையும் போதும். கறுப்புச் சொக்கலேற்று 300 கிராம் எடுத்து, சிறு துண்டுகளாக நறுக்குக. அதில் மூன்றிலொரு பங்கை வேறாக வைத்துவிட்டு, எஞ்சிய 200 கிராமை ஒரு கிண்ணத்தில் இடுக. ஒரு சட்டியிற் சிறிதளவு நீரைச் சூடாக்கி, கொதி அடங்கிய பின், கிண்ணத்தின் அடி நீரைத் தொடாதவாறு அதன்மேல் வைக்க வேண்டும். மெல்லக் கிளறிக்கொண்டிருந்தால் சொக்கலேற்று உருகும். வெப்பம் 45 பாகைக்கு வந்ததும் கிண்ணத்தை இறக்கி, அதன் அடியை நன்றாகத் துடைத்துவிடுக. பின்னர், ஒதுக்கி வைத்த 100 கிராமையும் சிறிது சிறிதாகச் சேர்த்துக் கிளறுக. அத்துண்டுகளில் நல்ல பளிங்குகள் ஏற்கெனவே இருக்கின்றன. பாலிலே இட்ட உறைமோர் பால் முழுவதையும் தயிராக்குவதுபோல, அவை உருகிய சொக்கலேற்று முழுவதையும் தம் அமைப்புக்குக் கொண்டுவரும். வெப்பம் 31 அல்லது 32 பாகைக்கு இறங்கும்போது சொக்கலேற்று வேலைக்கு ஏற்ற பதத்தில் இருக்கும். பாற் சொக்கலேற்றுக்கு 29 அல்லது 30 பாகையும், வெள்ளைச் சொக்கலேற்றுக்கு 28 அல்லது 29 பாகையும் பொருத்தமானவை. ஒரு கத்தி நுனியிலே சிறிது தடவிப் பார்க்கலாம். குளிர்ந்த அறையில் ஐந்து நிமிடமளவில் அது பளபளப்புடன் உறைந்தால் பதம் சரியானது.

இவ்வேலையில் நீரே பெரும்பகை. ஒரு துளி நீரோ நீராவியோ பட்டாலும், உருகிய சொக்கலேற்றிலுள்ள சீனித் துகள்கள் நனைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், முழுவதும் கட்டியாகிவிடும். அவ்வாறு ஆயின் எறிந்துவிட வேண்டியதில்லை. சூடான கிறீமைத் தாராளமாகச் சேர்த்தால், சீனி கரைந்து, கட்டி இளகி, நல்ல குழம்பாகும். பூச்சுக்கு அது உதவாது. உள்ளீடாக உருட்டுவதற்கு உதவும்.

முதலில் சிலந்தி வலை. ஒரு தட்டத்தில் எண்ணெய்த்தாளை விரித்து, பதப்படுத்திய கறுப்புச் சொக்கலேற்றை அதில் ஊற்றி மெல்லிதாகப் பரப்புக. தாளைக் கூம்பாகச் சுருட்டி நுனியைச் சிறிது வெட்டி, உருகிய வெள்ளைச் சொக்கலேற்றை அதில் நிரப்புக. கறுப்பு உறையுமுன், நடுவில் ஒரு புள்ளியும் அதனைச் சுற்றி நான்கைந்து வட்டங்களும் இடுக. பின்னர் ஒரு பற்குச்சியை நடுவிலிருந்து விளிம்பு நோக்கிப் பல திசைகளிலும் இழுத்தால், வட்டங்கள் வளைந்து வலையாகிவிடும். இதற்கு ஓவியத் திறன் வேண்டியதில்லை. விரைவு மட்டுமே வேண்டும். உறைந்தபின் விரும்பியவாறு ஒடித்துக்கொள்ளலாம்.

அடுத்தது வாழைப்பழப் பேய். வாழைப்பழத்தை உரித்து, குறுக்கே இரண்டாக வெட்டி, வெட்டுவாயிற் குச்சி செருகி, குளிர்சாதனப் பெட்டியின் உறைபகுதியில் இரண்டு மணி நேரம் வைக்க வேண்டும். பின் அதனை எடுத்து, உருகிய வெள்ளைச் சொக்கலேற்றிலே தோய்த்தால், கண்முன்னே பூச்சு உறையும். உறைவதற்குள் இரண்டு சிறிய கறுப்புச் சொக்கலேற்று மணிகளைக் கண்களாகப் பதித்துவிட்டாற் பேய் உயிர்பெற்றுவிடும். உறைந்தபடியே உண்ணப்படுவதால் இதற்குப் பதப்படுத்தல் கட்டாயமில்லை. குழந்தைகள் தாமே செய்து மகிழ ஏற்றது இதுவே.

மூன்றாவது சிலந்தி. நறுக்கிய கறுப்புச் சொக்கலேற்று 200 கிராம் மீது, கொதிநிலை வந்த கிறீம் 100 மில்லிலீற்றரை ஊற்றி, இரண்டு நிமிடம் தொடாது விட்டு, பின் நடுவிலிருந்து கிளறுக. அது குளிர்ந்து கெட்டியானதும் சிறு உருண்டைகளாக உருட்டி, கொக்கோத் தூளிற் புரட்டி எடுக்கலாம். உலர்ந்த மாவுக் குச்சிகளைப் பக்கத்துக்கு நான்காக எட்டுக் கால்களாகச் செருக வேண்டும். ஆறு கால் வைத்தால் அது பூச்சியாகிவிடும் என்று பள்ளிப் பிள்ளைகள் திருத்துவர். கிறீம் சேர்வதால் இதனைக் குளிரிலே வைத்து, சில நாட்களுள் உண்டுவிட வேண்டும்.

செம்மஞ்சள் நிறம் இவ்விழாவுக்கு உரியது. ஆனால் நீரிற் கரையும் சாதாரண உணவு நிறத்தைச் சொக்கலேற்றிற் சேர்த்தால், முன்சொன்னவாறு அது கட்டியாகும். எண்ணெயிற் கரையும் நிறமே ஏற்றது. சொக்கலேற்றின் மேல் நரைத்த படலம் தோன்றினால் அதனைப் பூஞ்சணம் என்று எண்ணிவிடலாகாது. அது மேலெழுந்த கொழுப்பே. அழகு குன்றுமேயன்றித் தீங்கு செய்யாது. வடநாடுகளிலே ஒக்டோபர் இறுதி குளிர்ந்த காலமாதலால் இவ்வேலை அங்கு எளிது. கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ நண்பகலிற் செய்யப் புகுவோர், வெப்பமானி தரும் எச்சரிக்கையை இன்னுங் கூர்ந்து கவனிக்க வேண்டும்.

பிறர் பிள்ளைக்குக் கொடுக்குமுன் எண்ண வேண்டியவையும் உள. நிலக்கடலை, பிற கொட்டைகள், பால், சோயா ஆகியவை சிலருக்கு ஒவ்வாமையை உண்டாக்கும். நிலக்கடலையால் உயிராபத்தும் நேரலாம். வெள்ளைச் சொக்கலேற்றிற் பால் உண்டு. பல சொக்கலேற்றுகளிற் சோயாப் பொருள் கலந்திருக்கும். ஆகவே சேர்த்தவற்றையெல்லாம் ஒரு துண்டுத் தாளில் எழுதி இணைத்துக் கொடுத்தல் நன்று. அமெரிக்காவிலே 2014 இலிருந்து பல வீட்டார், நீலப்பச்சை நிறந் தீட்டிய பூசணிக்காயை வாசலில் வைக்கின்றனர். ஒவ்வாமையுள்ள பிள்ளைகளுக்கு உணவல்லாத சிறு பரிசுகள் இங்கு உண்டு என்பது அதன் அறிவிப்பு. மிகச் சிறு குழந்தைகளுக்கு முழுக் கொட்டைகளைக் கொடுத்தலாகாது; அவை மூச்சுக்குழலை அடைக்கக்கூடும். சொக்கலேற்றிலுள்ள தியோபுரோமின் நாய்க்கு நஞ்சு. ஆகையால் தட்டத்தை நாய்க்கு எட்டாத உயரத்தில் வைத்தல் வேண்டும்.

அந்தத் துண்டுத் தாளில் செய்தவர் தம் பெயரையும் எழுதிவிடலாம். தொழிற்சாலைத் தாளின் முத்திரை, உள்ளிருப்பது எவருங் கைவைக்காத பண்டம் என்று உறுதி கூறுகிறது. வீட்டுப் பண்டத்துக்கு அம்முத்திரை இல்லை. கொடுத்தவரின் பெயரும், அவரைப் பெற்றவர் அறிவர் என்பதுமே அதற்கு முத்திரை. எனவே அயலவரை அறியாத தெருவில் அது வீட்டுக்குள்ளேயே தங்கும். அயலவரைப் பெயர்சொல்லி அழைக்கும் தெருவிலோ, அது மீண்டும் வாசலுக்கு வரும்.