பழைய இரும்புக்குள் வரும் தோட்டா

துப்பாக்கிக்கு உள்ள சட்டம்தான் தோட்டாவுக்கும் என்பதும், உரிமம் இல்லாத ஒருவரிடம் துப்பாக்கியே இல்லாமல் ஒரே ஒரு தோட்டா இருந்தாலும் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் அதைக் குற்றமாகவே எடுத்துக்கொள்ளும் என்பதும் இந்நாட்டில் பலருக்கும் தெரியாத செய்திகள். மணலி மண்டலத்தில், கொசஸ்தலையாற்றின் வெள்ளத்துக்கு ஒவ்வொரு மழைக்காலத்திலும் அஞ்சி வாழும் சடையங்குப்பத்து மக்களுக்கு, நெடுந்தொலைவு சுடும் துப்பாக்கிகளின் பெருந்தோட்டாக்களைப் பற்றிய பேச்சு தங்களுக்குத் தொடர்பில்லாததாகத் தோன்றலாம். ஆனால் தெற்கே சென்னைத் துறைமுகமும் வடக்கே எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்களும் இருக்க, இடைப்பட்ட நிலமெல்லாம் கன்டெய்னர் யார்டுகளும் லாரி ஷெட்டுகளும் காயலான் கடைகளுமாக நிறைந்திருக்கும் ஒரு பகுதியில், பிற நாடுகளின் போர்க்களத்துக் கழிவும் சந்தைச் சரக்கும் முதலில் வந்து இறங்குவது இங்கு வேலை செய்பவர்களின் கைகளில்தான்.

தோட்டா என்று பொதுவாகச் சொல்லப்படுவது நான்கு பகுதிகள் சேர்ந்த ஒரு பொருள். பித்தளையால் ஆன உறை, அதனுள் நிரப்பப்பட்ட உந்துமருந்து, உறையின் அடிப்பகுதியில் நடுவே பதிக்கப்பட்ட சிறிய தீமூட்டி, முனையில் செருகப்பட்ட குண்டு ஆகிய நான்கில் குண்டு மட்டுமே குழலை விட்டுப் பறந்து செல்கிறது. முதல் உலகப் போரின் இறுதியில் ஜான் பிரௌனிங் என்ற அமெரிக்கத் துப்பாக்கி வல்லுநரின் முயற்சியில் உருவான அரை அங்குல விட்டத் தோட்டா, அதாவது 12.7 மில்லிமீட்டர் தோட்டா, பெருந்தோட்டா வகையின் தலைமகன் எனலாம். அதன் உறை மட்டும் 99 மில்லிமீட்டர் நீளம். குண்டோடு சேர்த்தால் ஒரு முழுத் தோட்டா பெரியவர் ஒருவரின் உள்ளங்கையைத் தாண்டி விரல்கள் வரை நீளும். எடை நூறு கிராமுக்கு மேல். காலாட்படைத் துப்பாக்கிகளின் 7.62 மில்லிமீட்டர் தோட்டாவைப் போல ஏறத்தாழ ஐந்து மடங்கு ஆற்றலுடன் பாயும் இது, மனிதரை மட்டுமன்றி ஊர்தியின் எஞ்சினையும் துளைப்பதற்கென்றே உருவானது. 1980களில் வந்த 8.6 மில்லிமீட்டர் லாபுவா மேக்னம் போன்றவை இதைவிடச் சிறியவை எனினும், ஒன்றரைக் கிலோமீட்டருக்கு அப்பாலும் இலக்கைத் தாக்க வல்லவை.

தொலைவு என்பதன் பொருளைத் தமிழ்நாடு ஒருமுறை மிகுந்த துயரத்தோடு உணர்ந்திருக்கிறது. 2021 டிசம்பர் 30 அன்று புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலை அருகே உள்ள சுடுதளத்தில் மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படையினர் பயிற்சி செய்துகொண்டிருந்தபோது, அங்கிருந்து ஏறத்தாழ 2 கிலோமீட்டர் தள்ளித் தன் தாத்தா வீட்டில் இருந்த 11 வயதுச் சிறுவனின் தலையில் குண்டு பாய்ந்தது. சில நாட்களில் அவன் உயிரிழந்தான். அது பெருந்தோட்டாவும் அன்று, பகைவரைக் குறிவைத்ததும் அன்று. பயிற்சித் தளத்தைத் தாண்டிய ஒரு வழக்கமான படைத்துப்பாக்கிக் குண்டே அவ்வளவு தொலைவில் உயிரைப் பறிக்குமானால், அதனினும் பன்மடங்கு ஆற்றல் கொண்ட தோட்டாவைக் குடிமக்களின் கையில் தரலாமா என்ற கேள்விக்கு விளக்கம் தேவையில்லை.

ஆயினும் நாடுகள் இக்கேள்விக்கு ஒரே விடை சொல்லவில்லை. அமெரிக்காவின் கூட்டாட்சிச் சட்டப்படி, 18 வயது நிரம்பியவர் அரை அங்குலத் தோட்டாவைக் கடையில் உரிமம் ஏதுமின்றி வாங்க இயலும். ஆனால் கலிபோர்னியா மாநிலம் 2005 முதல் அத்தோட்டாவைச் சுடும் துப்பாக்கிகளின் விற்பனையைத் தடுத்தது. கனடா 2020 மே மாதத்தில், குழல்வாயில் 10,000 ஜூலுக்கு மேல் ஆற்றல் தரும் துப்பாக்கிகளைத் தடை செய்தது. ஜூல் என்பது ஆற்றலின் அளவை. அரை அங்குலத் தோட்டா இந்த வரம்பைத் தாண்டிவிடும், லாபுவா மேக்னம் தாண்டாது. ஒரு நாட்டில் கடைச்சரக்காக இருப்பது பக்கத்து நாட்டில் கடத்தல் சரக்காகிவிடுவதன் விளைவை அதிகம் அனுபவித்த நாடு மெக்சிகோ. துப்பாக்கி வாங்க இராணுவம் நடத்தும் விற்பனையகத்தை மட்டுமே நாட வேண்டிய அந்நாட்டில், போதைப்பொருள் கும்பல்களின் கையில் அமெரிக்காவில் செய்த அரை அங்குலத் துப்பாக்கிகள் சிக்கின. 2021இல் மெக்சிகோ அரசே அமெரிக்கத் துப்பாக்கி நிறுவனங்கள் மீது வழக்குத் தொடுத்தது. 2025 ஜூன் 5 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்த வழக்கு நிற்காது என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. எல்லைக்கு அப்பால் விற்றவரைப் பொறுப்பாக்குவது எவ்வளவு கடினம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இந்தியாவின் நிலைப்பாடு அமெரிக்காவின் நிலைப்பாட்டுக்கு நேர்மாறானது, அதன் வேர் ஆங்கிலேயர் காலத்தில் இருக்கிறது. படையினரின் துப்பாக்கியில் பொருந்தும் தோட்டா குடிமக்களிடம் புழங்கக் கூடாது என்று அன்றைய அரசு கருதியதால்தான், படையின் 0.303 அங்குலத் தோட்டாவுக்கு மாறாக 0.315 அங்குலத் தோட்டா குடிமக்களுக்கான துப்பாக்கிகளில் இடம்பெற்றது; இன்றும் உரிமம் பெற்ற உழவர்களிடமும் பாதுகாவலர்களிடமும் காணப்படுவது அதுவே. 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளும் அதே கொள்கையைத் தொடர்ந்து, 0.303 அல்லது 7.62 மில்லிமீட்டர் படைத்தோட்டாவை ஏற்கும் துப்பாக்கிகளைச் சாதாரண உரிமத்துக்கு எட்டாத வகையில் வைத்திருக்கின்றன. உரிமம் உடையவரும் உரிமத்தில் குறித்த வகைத் தோட்டாவைக் குறித்த எண்ணிக்கைக்கு மேல் வைத்திருக்க முடியாது. உரிமமின்றித் தோட்டா வைத்திருப்பதற்கு, 2019ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப் பின் குறைந்தது 2 ஆண்டும் மிகுதியாக 5 ஆண்டும் சிறை.

சட்டம் இவ்வளவு இறுக்கமாக இருக்கும் நாட்டிலும் தோட்டாக்கள் வந்து சேரும் வழிகளில் வடசென்னையை அதிகம் தொடுவது பழைய இரும்பு வணிகம். 2004 செப்டம்பர் 30 அன்று காசியாபாத் அருகே சாகிபாபாத்தில் ஓர் இரும்பாலையில், வெளிநாட்டிலிருந்து வந்த பழைய இரும்போடு கலந்திருந்த வெடிகுண்டுகள் வெடித்து 10 தொழிலாளர்கள் இறந்தனர். அதன் பிறகே, துண்டாக்கப்படாத பழைய உலோகத்தை இறக்குமதி செய்வோர் ஏற்றுமதி நாட்டிலேயே ஆய்வுச் சான்று பெற வேண்டும் என்ற விதி இறுகியது. ஆயுதம், கண்ணிவெடி, குண்டு, தோட்டா ஆகிய எதுவும், பயன்படுத்தியதாயினும் பயன்படுத்தாததாயினும், சரக்கில் இல்லை என்று அந்தச் சான்று உறுதி கூற வேண்டும். ஆகவே காலி உறைகூட வரக் கூடாது என்பதே விதி. ஆனால் சான்று காகிதத்தில் இருக்கிறது. கன்டெய்னர் திறக்கப்படும்போது காந்தக் கிரேனுக்கு அடியில் நிற்பவர் ஒப்பந்தத் தொழிலாளி. காந்தம் இரும்பைத் தூக்கிச் செல்ல, ஒட்டாத பித்தளை தரையில் தங்கும். பித்தளைக்கு இரும்பைவிடப் பன்மடங்கு விலை என்பதால் அதைத் தனியே பொறுக்கி வைப்பது இத்தொழிலின் இயல்பு. பெருந்தோட்டா ஒன்று கண்ணில் படும் இடமும் அதுவே.

சுட்ட உறையின் தீமூட்டியில் சிறு பள்ளம் விழுந்திருக்கும் என்பது உண்மை. ஆனால் சுத்தி விழுந்தும் வெடிக்காமல் போன தோட்டாவிலும் அதே பள்ளம் இருக்கும் என்பதால், அடையாளம் பார்த்துத் தீர்மானிக்க முற்படுவது உயிரோடு விளையாடுவதாகும். குழலுக்கு வெளியே சூடேறிய தோட்டா, துப்பாக்கியில் வைத்துச் சுட்டது போலக் குண்டைப் பாய்ச்சாது எனினும், உறை கிழிந்து பித்தளைச் சில்லுகள் கண்ணையும் கழுத்தையும் தாக்கும். பெருந்தோட்டாக்களில் சிலவற்றின் குண்டுக்குள்ளேயே தீப்பற்றும் மருந்தோ வெடிமருந்தோ அடைக்கப்பட்டிருக்கும். அத்தகைய ஒன்று உருக்கு உலைக்குள் விழுந்தால் உருகிய உலோகம் தெறித்துப் பெருங்கேடு விளையும். எனவே வெட்டுவதும், தட்டுவதும், கேஸ் கட்டரைக் காட்டுவதும், எடைக்குப் போட வீட்டுக்குக் கொண்டுபோவதும் கூடவே கூடாது.

சரக்குக்குள் ஆபத்து தெரியாமல் கிடப்பது இப்பகுதிக்குப் புதிதன்று. 2020 ஆகஸ்டில் பெய்ரூட் துறைமுகம் வெடித்துச் சிதறிய பிறகுதான், மணலியின் சரக்கு முனையம் ஒன்றில் 37 கன்டெய்னர்களில் ஏறத்தாழ 700 டன் அம்மோனியம் நைட்ரேட் பல ஆண்டுகளாகக் கிடப்பதை இப்பகுதி மக்கள் அறிந்தார்கள். தங்கள் வீட்டுக்கு அருகில் என்ன வைக்கப்பட்டிருக்கிறது என்பதை வேறொரு நாட்டின் பேரழிவு வந்து சொல்லித்தான் அறிய வேண்டியிருந்தது என்பது மன்னிக்கத்தக்க குறையன்று.

கடல்வழி வந்த தோட்டாக்களின் வழக்கு ஒன்று, வடசென்னையிலிருந்து கப்பல் வேலைக்குச் செல்லும் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டியது. 2013 அக்டோபர் 12 அன்று, சியரா லியோன் கொடியுடன் தூத்துக்குடிக்கு அப்பால் நின்ற சீமேன் கார்ட் ஓகையோ என்ற கப்பலை இந்தியக் கடலோரக் காவல்படை மறித்தது. கடற்கொள்ளையரிடமிருந்து வணிகக் கப்பல்களைக் காக்கும் தனியார் பாதுகாவலர்களைச் சுமந்த அக்கப்பலில் 35 துப்பாக்கிகளும் 5,680 தோட்டாக்களும் இருந்தன. கப்பலில் இருந்த 35 பேரில் 12 பேர் இந்தியர். தமிழ்நாடு காவல்துறையின் கியூ பிரிவு தொடுத்த வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் 2014இல் தள்ளுபடி செய்தது. உச்ச நீதிமன்றம் 2015இல் விசாரணையை நடத்தச் சொன்னது. தூத்துக்குடி நீதிமன்றம் 2016 ஜனவரியில் அனைவருக்கும் 5 ஆண்டுச் சிறை விதித்தது. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2017 நவம்பர் 27 அன்று அனைவரையும் விடுதலை செய்தது. கப்பலின் வழக்கமான தளவாடமாக உள்ள ஆயுதங்களுக்கு ஆயுதச் சட்டத்தின் 45ஆம் பிரிவு விலக்கு அளிக்கிறது. ஆயினும் அந்த விலக்கு எதுவரை நீளும் என்ற வாதத்துக்கு நடுவே நான்கு ஆண்டுகள் கரைந்தன. ஆயுதம் ஏந்திய கப்பலில் வேலை ஏற்கும் மாலுமி, அக்கப்பலுக்கு உரிய அனுமதிகள் எந்தெந்த நாட்டுக் கடலில் செல்லுபடியாகும் என்பதை ஒப்பந்தத்தில் ஒப்பமிடும் முன்பே கேட்டறிவது அவருடைய உரிமை.

வானூர்திப் பயணிகளுக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும். அமெரிக்காவில் அரை அங்குலக் காலி உறையைப் பாட்டில் திறப்பானாக்கி நினைவுப் பொருளாக விற்கிறார்கள். அங்கு விளையாட்டுப் பொருளான அது, தோட்டாவின் பகுதிகளையும் தோட்டா என்றே வரையறுக்கும் இந்தியச் சட்டத்தின் முன் கேள்விக்குரிய பொருளாகிவிடும். துணைப் பகுதிகளோடு சேர்த்துப் பயன்படுத்தும் நோக்கம் இல்லாத சிறு பகுதிகளுக்கு விலக்கு உண்டு என்றாலும், அதை மெய்ப்பிக்கும் வரை அலைச்சல் பயணிக்குத்தான்.

இத்தகைய வழக்குகளில் முதன்மையான பாதுகாப்பு ‘அறிந்து வைத்திருத்தல்’ என்ற கோட்பாடு. பொருள் கையில் இருந்தது என்பது மட்டும் போதாது, அது இருப்பதை அறிந்தும் தன் கட்டுப்பாட்டில் வைத்திருந்தார் என்பது நிறுவப்பட வேண்டும் என உச்ச நீதிமன்றம் 1972இல் குன்வந்த்லால் வழக்கிலும் 1994இல் சஞ்சய் தத் வழக்கிலும் விளக்கியுள்ளது. பழைய இரும்பு மூட்டைக்குள் கிடந்த தோட்டாவை அறியாத தொழிலாளிக்கும் இக்கோட்பாடு துணை நிற்கும். கண்டெடுத்த பின் மறைத்தாலோ விற்றாலோ அந்தத் துணை போய்விடும். உரிமமின்மைக் குற்றத்துக்கு மாவட்ட நடுவரின் முன் அனுமதி இல்லாமல் வழக்குத் தொடுக்கவும் முடியாது. கைது செய்யப்பட்டவருக்குக் காரணம் தெரிவிக்கப்பட வேண்டும், 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்தப்பட வேண்டும், வழக்கறிஞரைச் சந்திக்க இடம் தரப்பட வேண்டும். காவலில் இருப்பவர்களும் பெண்களும் பட்டியல் சாதி, பழங்குடி மக்களும் தொழிற்சாலைத் தொழிலாளர்களும் வருமானம் எவ்வளவாயினும் கட்டணமில்லாச் சட்ட உதவி பெறலாம். அழைக்க வேண்டிய எண் 15100. வேலையிடத்தில் காயமுற்றால், ஒப்பந்ததாரரைக் கைகாட்டி முதன்மை முதலாளி தப்பிக்க முடியாது. இழப்பீட்டை அவர் தந்துவிட்டுப் பின்னர் ஒப்பந்ததாரரிடம் மீட்டுக்கொள்ளலாம்.

சரியான நடத்தை எது என்பதை 2018 ஜூன் மாதம் இராமநாதபுரம் மாவட்டத்துத் தங்கச்சிமடத்தில் ஒரு மீனவக் குடும்பம் காட்டியது. கழிவுநீர்த் தொட்டிக்குக் குழி தோண்டியபோது இலங்கைப் போர்க்காலத்தில் புதைக்கப்பட்டதாகக் கருதப்படும் பெட்டி பெட்டியான தோட்டாக்கள் வெளிப்பட, அவர்கள் காவல்துறைக்குத் தெரிவித்தனர். பல ஆயிரம் தோட்டாக்கள் கைப்பற்றப்பட்டன. சடையங்குப்பத்து யார்டிலோ காயலான் கடையிலோ ஒரே ஒரு தோட்டா தென்பட்டாலும் செய்ய வேண்டியது அதுவே: கை வைக்காமல் வேலையை நிறுத்தி, மற்றவர்களை விலக்கி, 112 எண்ணை அழைத்துத் தகவல் சொல்லி, சொன்ன நேரத்தைக் குறித்துக்கொள்வது. இந்த நான்கு செயல்களையும், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து இங்கே உழைப்பவர்களும் படிக்கும்படி தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும் எழுதி, பழைய உலோகம் இறங்கும் ஒவ்வொரு யார்டின் வாசலிலும் பலகையாக வைக்கும்படி சுங்கத் துறையும் மாவட்ட நிர்வாகமும் உடனே ஆணையிட வேண்டும்.