பொய் எழுதிய பேனாவும் கைகழுவிய அரசும்

கனடா என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? பனி, நயாகரா அருவி, கடல் மாதிரி விரிந்து கிடக்கும் ஏரிகள். தண்ணீருக்குப் பஞ்சமில்லாத நாடு, பணத்துக்கும் பஞ்சமில்லாத நாடு. அப்படிப்பட்ட நாட்டில் வீட்டுக் குழாயில் வந்த தண்ணீரைக் குடித்து ஏழு பேர் செத்துப்போனார்கள் என்றால் நம்புவீர்களா?

நடந்தது 2000-ஆம் ஆண்டு மே மாதம். ஒன்டாரியோ மாகாணத்தில் வாக்கர்ட்டன் என்ற சின்ன ஊர். ஜனத்தொகை சுமார் 4,800. நோயில் விழுந்தவர்கள் 2,300 பேருக்கும் மேல். அவர்களில் 27 பேருக்குச் சிறுநீரகத்தையே கெடுக்கும் கடுமையான கோளாறு. அந்த 27-ல் ஏறக்குறைய பாதிப்பேர் நாலு வயதைத் தாண்டாத குழந்தைகள்!

'எங்கோ கனடாவில் நடந்ததற்கு நாம ஏன் மண்டையை உடைச்சுக்கணும்?' என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது நண்பர்களே. நாளைக்கு டிப்ளமோ முடித்து நாம் போய் உட்காரப் போவது பம்ப் ஹவுஸிலும் பாய்லர் அறையிலும் சப்-ஸ்டேஷனிலும்தான். நம் முன்னால் ஒரு லாக் புக் இருக்கும். வாக்கர்ட்டன் கதை அப்படி ஒரு லாக் புக்கில் தொடங்கி மாகாண முதலமைச்சரின் நாற்காலி வரை போன கதை.

கிணறும் குளோரினும்

வாக்கர்ட்டனுக்குக் குடிநீர் கிணறுகளிலிருந்து வந்தது. அதில் 5-ஆம் எண் கிணறு 1978-ல் அமைத்தது, ஆழம் குறைந்தது. பக்கத்திலேயே பண்ணை. 2000 மே 8 முதல் 12 வரை ஐந்து நாட்களில் 130 மில்லிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. பண்ணையில் போட்டிருந்த மாட்டெருவிலிருந்து ஈ-கோலி ஓ157 என்ற ஆபத்தான கிருமி மழை நீரோடு கிணற்றுக்குள் இறங்கிவிட்டது. பண்ணைக்காரர் மீது தப்பில்லை, அவர் முறைப்படிதான் எரு போட்டிருந்தார் என்று பின்னால் விசாரணையில் தெரிந்தது.

இப்படிப்பட்ட ஆபத்துக்குத்தானே குளோரின் இருக்கிறது? தண்ணீரில் சேர்க்கும் குளோரினில் ஒரு பகுதி கிருமியையும் அழுக்கையும் அழிப்பதிலேயே செலவாகிவிடும். செலவானது போக மிச்சம் நிற்பதுதான் எஞ்சிய குளோரின். 15 நிமிடம் கழித்தும் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் மிச்சம் இருக்க வேண்டும் என்பது அங்கே விதி. அந்த அளவு திடீரென்று இறங்கினால் தண்ணீரில் ஏதோ கலந்துவிட்டது என்று அர்த்தம். ஒரு சின்னப் பரிசோதனை, சில நிமிட வேலை. அதைத்தான் அங்கே ஒழுங்காகச் செய்யவில்லை. அளக்காமலேயே 0.5 என்றோ 0.75 என்றோ தாளில் எழுதி வைத்துவிட்டார்கள். ஒரு நாள், இரண்டு நாள் இல்லை, வருஷக்கணக்காக! போட வேண்டிய குளோரினையும் முழுசாகப் போடவில்லை.

மே 15-ல் எடுத்த மாதிரிகள் கெட்டுப்போயிருக்கின்றன என்று ஒரு தனியார் ஆய்வுக்கூடம் மே 17-ல் ஊர்க் குடிநீர் நிர்வாகத்துக்குத் தெரிவித்தது. அதற்குள் குழந்தைகளுக்கு ரத்தப் பேதி. சந்தேகப்பட்ட சுகாதாரத் துறையினர் மே 19-ல் போன் போட்டுக் கேட்டார்கள். 'தண்ணீர் நல்லாத்தான் இருக்கு' என்று பதில் வந்தது. கடைசியில் சுகாதாரத் துறை தானாகவே மே 21-ல், 'காய்ச்சாமல் குடிக்காதீர்கள்' என்று அறிவித்தது. 19-ஆம் தேதியே உண்மையைச் சொல்லியிருந்தால் 300 முதல் 400 பேர் வரை நோயிலிருந்து தப்பியிருப்பார்கள் என்பது விசாரணையின் முடிவு.

ஆபரேட்டரோடு முடிந்ததா?

சரி, பொய் எழுதியவர்களைப் பிடித்து உள்ளே போட்டால் தீர்ந்தது என்று கேஸை மூடியிருக்கலாம். ஆனால் கேள்விகள் அங்கேதான் ஆரம்பிக்கின்றன.

அந்த ஆபரேட்டர்களுக்கு முறையான பயிற்சி கிடையாது. பல வருஷ சர்வீஸ் இருக்கிறதே என்று பரீட்சை வைக்காமலே லைசென்ஸ் கொடுத்திருந்தார்கள். சுத்திகரிக்காத கிணற்றுத் தண்ணீரே நல்லதுதான் என்று நம்பி அவர்களே குடித்து வந்தார்கள். 1998-ல் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் ஆய்வாளர் வந்து, தண்ணீரில் கிருமி இருந்திருப்பதையும் குளோரின் குறைவதையும் குறித்துக்கொண்டு போனார். அமைச்சகம் கடிதம் எழுதியது. எழுதியதோடு சரி! சொன்னதைச் செய்தார்களா என்று திரும்ப வந்து பார்க்க ஆளில்லை.

ஏன் ஆளில்லை? 1995 தேர்தலில் மைக் ஹாரிஸ் தலைமையிலான முற்போக்குக் கன்சர்வேட்டிவ் கட்சி ஒன்டாரியோவில் ஆட்சிக்கு வந்தது. (பெயரில்தான் முற்போக்கு!) வரியைக் குறைப்போம், அரசுச் செலவை வெட்டுவோம் என்பது அவர்கள் முழக்கம். வெட்டினார்கள். சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் ஆண்டு பட்ஜெட்டில் 20 கோடி டாலருக்கு மேல் போயிற்று. 750-க்கும் அதிகமான ஊழியர்கள், அதாவது 30 சதவீதத்துக்கும் மேல், வெளியேற்றப்பட்டார்கள். இதனால் மக்கள் உடல்நலத்துக்கு ஆபத்து வரலாம் என்று அமைச்சரவைக்கு முன்கூட்டியே எச்சரிக்கையும் போயிருந்தது.

1996-ல் இன்னொரு அடி. ஊர்களின் குடிநீரைப் பரிசோதிக்கும் வேலையை அரசு ஆய்வுக்கூடங்கள் விட்டுவிட்டன, தனியாரிடம் போங்கள் என்றார்கள். தண்ணீர் கெட்டிருந்தால் அரசு ஆய்வுக்கூடம் மேலிடத்துக்கும் தகவல் சொல்லும். தனியார்? காசு கொடுத்தவருக்கு ரிப்போர்ட் போகும். சுகாதாரத் துறைக்கும் சொல்லியாக வேண்டும் என்று சட்டம் கிடையாது. இப்படிச் சட்டம் வேண்டும் என்று 1997-ல் சுகாதார அமைச்சரே சுற்றுச்சூழல் அமைச்சருக்கு எழுதினார். அவர் மறுத்துவிட்டார். 2000 மே 17-ல் அந்த ரிப்போர்ட் ஒரே ஒரு மேஜையில் போய் அடங்கியதற்குக் காரணம் இதுதான்.

கூண்டில் முதலமைச்சர்

மக்கள் கொதித்தெழுந்த பிறகு அரசு விசாரணைக் கமிஷன் அமைத்தது. தலைவர் நீதிபதி டென்னிஸ் ஓ'கானர். விசாரணை வாக்கர்ட்டனிலேயே நடந்தது. ஒன்பது மாதம், 114 சாட்சிகள். அரசாங்கக் கோப்புகள் வெளியே வந்தன. 2001 ஜூனில் பதவியில் இருந்த முதலமைச்சர் ஹாரிஸே வந்து சாட்சி சொன்னார்.

2002 ஜனவரியில் முதல் அறிக்கை வெளிவந்தது. ஆபரேட்டர்களின் குற்றத்தை அது மூடி மறைக்கவில்லை. அதே சமயம் பட்ஜெட் வெட்டையும் சொன்னது, மேற்பார்வை தவறிய அமைச்சகத்தையும் சொன்னது. கிணற்றில் குளோரினையும் கலங்கலையும் இடைவிடாமல் அளக்கும் கருவி இருந்திருந்தால் இந்தச் சாவுகளே நடந்திருக்காது என்றது. அமைச்சகத்தின் அலட்சியம் 1995-க்கு முன்பே, வேறு கட்சிகள் ஆண்டபோதே இருந்தது என்பதையும் விட்டுவிடவில்லை. இரண்டு அறிக்கைகளிலும் சேர்த்து 121 பரிந்துரைகள்.

பலன் என்ன? 2002-ல் பாதுகாப்பான குடிநீர்ச் சட்டம். தண்ணீர் கெட்டிருந்தால் ஆய்வுக்கூடம் உடனே அதிகாரிகளுக்குச் சொல்லியாக வேண்டும். 2004-ல் வாக்கர்ட்டனிலேயே ஆபரேட்டர்களுக்குப் பயிற்சி மையம். 2006-ல் நீராதாரங்களைக் காக்க இன்னொரு சட்டம். 2012 கடைசியிலிருந்து, குடிநீர் விஷயத்தில் அக்கறை தவறும் கவுன்சிலர்களே தண்டனைக்கு ஆளாகலாம் என்ற நிலை.

சட்டம் போய்ச் சேராத ஊர்கள்

இத்தோடு 'சுபம்' போட முடியாது. இந்தச் சட்டங்கள் மாகாணத்தினுடையவை. கனடாவின் பூர்வகுடி மக்கள் வாழும் ஒதுக்கீட்டுப் பகுதிகளில் குடிநீர் மத்திய அரசின் பொறுப்பு. அதே ஒன்டாரியோவின் வடக்கே நெஸ்கன்டாகா என்ற பூர்வகுடி ஊரில் 1995-ல் விடுத்த 'காய்ச்சிக் குடியுங்கள்' எச்சரிக்கை 25 ஆண்டுகளைத் தாண்டியும் நீக்கப்படவில்லை. அந்த எச்சரிக்கையோடு பிறந்த குழந்தை அந்த எச்சரிக்கையோடே பெரியவனாகிவிட்டது!

2015 தேர்தலில் ஜஸ்டின் ட்ரூடோ, இத்தகைய நீண்டகால எச்சரிக்கைகளை ஒழிப்போம் என்று வாக்குக் கொடுத்தார். கெடு 2021 மார்ச். வேலை நடக்கவில்லை என்று சொல்ல முடியாது, நூறு எச்சரிக்கைகள் நீங்கின. ஆனால் 2020 நவம்பரில் இன்னும் 60 பாக்கி. கெடுவுக்குள் முடியாது என்று அரசின் தலைமைத் தணிக்கையாளர் கேரன் ஹோகன் 2021 பிப்ரவரியில் பகிரங்கமாக அறிக்கை வைத்தார். பூர்வகுடி மக்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். அதே ஆண்டு சுமார் 800 கோடி டாலருக்கு அரசு சமரசத்துக்கு வந்தது. கேட்டதால்தான் வந்தது!

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது

நண்பர்களே, 'மேலே யாரும் பார்க்கிறதில்லை, ரீடிங்கை எழுதிட்டுப் போ' என்று சீனியர் சொல்வார். எழுதாதீர்கள். அளந்ததை மட்டும் எழுதுங்கள். மீட்டர் ரிப்பேர் என்றால் ரிப்பேர் என்றே எழுதுங்கள். அந்த ஒரு வரி ஒரு குழந்தையின் உயிராக இருக்கலாம்.

அதே மூச்சில் இன்னொன்றும். விபத்து நடந்தால் முதலில் மாட்டுவது கடைசிப் படியில் நிற்கும் ஆபரேட்டர்தான். அவன் தப்புக்கு அவன் பதில் சொல்லட்டும். ஆனால் அவனுக்குப் பயிற்சி தராதது யார், ஆய்வாளர் பதவியை ஒழித்தது யார், எந்தக் கையெழுத்தில் என்று மேல்படி வரைக்கும் ஏறிப்போய்க் கேட்கிற தைரியம் மக்களுக்கு வேண்டும். தனி ஆளாகக் கேட்டால் மெமோ வரும். சங்கமாகச் சேர்ந்து கேட்டால் பதில் வரும்.

கேட்போம்!