கூடி எழுதக் கற்போம்

எமது பாடசாலைகளில் கட்டுரைப் பாடம் எப்படி நடக்கிறது என்பதை வாசகர்கள் அறிவார்கள். ஆசிரியர் தலைப்பைக் கரும்பலகையில் எழுதுகிறார். பிள்ளை கொப்பியைக் கையால் மறைத்துக்கொண்டு தனியே எழுதுகிறது. ஆசிரியர் சிவப்பு மையால் திருத்திப் புள்ளி இடுகிறார். கொப்பி மூடப்படுகிறது. எழுதிய பிள்ளையையும் திருத்திய ஆசிரியரையும் தவிர அதை வாசிப்பார் எவருமில்லை. வாசிக்க ஆளில்லாத எழுத்தை அக்கறையோடு எழுது என்று பிள்ளையிடம் எப்படிக் கேட்பது?

வகுப்பு முழுவதும் ஒரே பக்கத்தில் கூடி எழுதும் முறையொன்று பல நாட்டுப் பாடசாலைகளில் இன்று கையாளப்படுகிறது. அதற்குரிய கருவிக்குப் பெயர் ‘விக்கி’. இம்முறையில் எழுதிய மாணவர்கள் அதைப் பற்றி என்ன நினைக்கிறார்கள்? மன்னார்த் தீவிலும் கரையோரக் கிராமங்களிலும் வாழும் எம் பிள்ளைகளுக்கு இது எந்தளவு பயன்படும்? இவற்றைச் சற்றுச் சிந்திப்போம்.

விக்கி என்றால் என்ன?

1995ஆம் ஆண்டு வோட் கனிங்ஹாம் என்ற அமெரிக்கக் கணனி வல்லுநர் முதலாவது விக்கியை இணையத்தில் திறந்துவைத்தார். ஹவாய் மொழியில் ‘விக்கி’ என்றால் விரைவு என்று பொருள். ஹொனலுலு விமான நிலையத்தில் ஓடிய பேருந்துச் சேவையின் பெயரிலிருந்து அவர் இச்சொல்லை எடுத்துக்கொண்டார். ஒரு பக்கத்தை வாசிப்பவரே அதைத் திருத்தலாம், கூட்டலாம், குறைக்கலாம் என்பதுதான் இதன் அடிப்படை. இன்றைய விக்கிகளில் பழைய வடிவம் எதுவும் அழிந்து போவதில்லை. யார், எந்த நாளில், எந்தச் சொல்லை மாற்றினார் என்பது ‘வரலாறு’ என்ற பகுதியில் பதிவாகிறது. பிழையான மாற்றத்தை உடனே பழைய நிலைக்குத் திருப்பலாம்.

இம்முறையில் 2001இல் விக்கிப்பீடியா தொடங்கியது. தமிழ் விக்கிப்பீடியா 2003இல் பிறந்தது. அதன் தொடக்க காலத்தில் ஆயிரக்கணக்கான கட்டுரைகளை எழுதி அதற்கு உருக்கொடுத்தவர் யாழ்ப்பாணத்தவரான இ. மயூரநாதன். 2017இல் அதன் கட்டுரைகள் ஒரு இலட்சத்தைத் தாண்டின. அங்கே எல்லாரும் கூடிப் பேசும் பக்கத்துக்கு ‘ஆலமரத்தடி’ என்று பெயர். புதியவர்கள் எழுதிப் பழகும் பக்கம் ‘மணல்தொட்டி’. மணலில் விரல் வைத்து அகரம் எழுதிய மக்களுக்கு இச்சொற்கள் அந்நியமானவை அல்ல.

மாணவர்கள் சொல்வது

ஹொங்கொங்கில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் 38 பேர் ஆங்கில எழுத்துப் பாடத்தில் விக்கியைப் பயன்படுத்தியது பற்றிய ஆய்வொன்று 2011இல் வெளியானது. ஆங்கிலம் அவர்களுக்குத் தாய்மொழியன்று. அப்படியிருந்தும் பிள்ளைகள் இதை விரும்பிச் செய்தனர். கூட்டாக உழைக்கவும் எழுத்தை மேம்படுத்தவும் இது உதவியது என்பதே பொதுவாக அவர்களுடைய கருத்து. யார் எவ்வகையான திருத்தங்களைச் செய்கிறார் என்பதை வரலாற்றுப் பகுதியில் பார்த்து, எவருக்கு எங்கே உதவி தேவை என்பதை ஆசிரியரும் அறிந்துகொண்டார்.

இம்முறையைக் கையாண்ட வகுப்புகளிலிருந்து மனக்குறைகளும் வருகின்றன. நண்பன் எழுதியதில் கைவைக்கக் கூச்சம். தான் எழுதியதை மற்றவர் வெட்டினால் மனவருத்தம். சிலர் உழைக்க, சிலர் பெயரை மட்டும் சேர்த்துக்கொள்கிறார்கள் என்ற முறைப்பாடு. கடைசி நாள்வரை எவரும் எழுதாதிருந்து, முடிவில் ஒருவரே எல்லாவற்றையும் எழுதும் நிலை. ‘இதற்குப் புள்ளி யாருக்கு?’ என்ற கேள்வி. எம் பிள்ளைகளும் இவற்றையே கேட்பார்கள். சாதாரண தரப் பரீட்சையில் தனியே உட்கார்ந்து எழுதவேண்டிய பிள்ளை இப்படிக் கேட்பது நியாயமே.

இக்குறைகளைக் கூர்ந்து பார்த்தால் ஒன்று தெளிவாகும். இவற்றில் ஒன்றுகூடக் கணனியைப் பற்றியதன்று. மாதர் சங்கத்திலும் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்திலும் நாம் அன்றாடம் கேட்கும் முறைப்பாடுகளும் இவையே. கூடி எழுதப் பழகும் பிள்ளை, கூடி வாழ்வதில் உள்ள சிக்கல்களையும் அதனோடு சேர்த்தே பழகுகிறது.

மின்சாரம் இல்லாத ஒரு மலைக் கிராமம்

கருவி பிறப்பதற்கு முன்னரே இம்முறை இருந்தது. இத்தாலியில் புளோரன்ஸ் நகருக்கு வடக்கே, மலை மேல் பார்பியானா என்ற சிறு பங்கு உண்டு. 1954இல் லொறென்சோ மிலானி என்ற குரு அங்கே அனுப்பப்பட்டார். அப்போது அங்கு மின்சாரமும் இல்லை, சரியான பாதையும் இல்லை. அரச பாடசாலைகள் ‘சித்தியெய்தாதவர்’ என்று தள்ளிவிட்ட குடியானவர் பிள்ளைகளுக்கு அவர் பள்ளி நடத்தினார். அப்பிள்ளைகளில் எட்டுப் பேர் சேர்ந்து எழுதிய ‘ஓர் ஆசிரியைக்குக் கடிதம்’ என்ற நூல் 1967இல் வெளிவந்து உலகப் புகழ் பெற்றது. தமிழிலும் அது வந்துள்ளது.

அவர்கள் எழுதிய விதம் இது. ஒவ்வொருவரும் மனதில் தோன்றுவதை, ஒரு துண்டுக் கடதாசியில் ஒரு கருத்து என்ற கணக்கில் எழுதிவைப்பார்கள். பின்னர் துண்டுகள் யாவும் மேசையில் பரப்பப்படும். ஒரே கருத்து இருமுறை வந்தால் ஒன்று நீக்கப்படும். ஒத்தவை குவியலாகச் சேர்ந்து அத்தியாயங்களாகும். பிறகு வெட்டும் வேலை: மிகையான சொல், கடினமான சொல், நீண்ட வசனம், உண்மையற்ற கூற்று யாவும் களையப்படும். இறுதியில், அதிகம் படிக்காத வெளியார் ஒருவரை அழைத்து வாசிக்கச் செய்வார்கள். அவருக்கு விளங்காத இடம் மீண்டும் எழுதப்படும். விக்கியின் தத்துவம் முழுவதும் இதில் அடங்கியிருக்கிறது எனலாம்.

எமது பகுதி நாட்டுக்கூத்துப் பிரதிகளும் பல கைகள் பார்த்தெழுதி வந்தவையே. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் மன்னார் நாடகப் பிரதிகள் சிலவற்றைப் பதிப்பித்து அச்சேற்றினார். அவை ஊரவர் கொப்பிகளில் காலங்காலமாகப் பேணப்பட்டிருந்ததால்தான் அது கைகூடியது.

எதை எழுதுவது?

இங்கேதான் எமக்கு அவசரம் இருக்கிறது. வாடை, கொண்டல், சோளகம், கச்சான் எனக் காற்றின் பெயர்களையும், எந்தக் காற்றுக்கு எந்த வலை என்பதையும் அறிந்த தலைமுறை மறைந்துவருகிறது. தனுஷ்கோடியை அழித்த 1964 டிசெம்பர்ப் புயலைத் தலைமன்னாரில் சிறுபிள்ளையாக இருந்து கண்டவர்கள் இன்று எழுபது வயதைத் தொட்டவர்கள் அல்லது தாண்டியவர்கள். 2007இல் முள்ளிக்குளத்திலிருந்து வெளியேற்றப்பட்ட மக்கள் தம் நிலத்தைக் கேட்டு 2017இல் வீதியோரம் அமர்ந்தார்கள். இடம்பெயர்ந்த பின் பிறந்த பிள்ளைகளுக்கு அந்தக் காணிகளின் பெயர்களையும் கிணறுகளின் பெயர்களையும் யார் சொல்வது?

1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது எதை இழந்தோம் என்பதை நாம் அறிவோம். ஓரிடத்தில் மட்டும் இருப்பது ஒரு நாளில் அழியக்கூடும். 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ என்னும் இணைய ஆவணத் திட்டம் விக்கி மென்பொருளின் மீதே கட்டப்பட்டது.

இதைவிடக் கடினமான பக்கம் ஒன்றும் உண்டு. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடபகுதி முஸ்லிம் மக்கள் யாவரையும் வெளியேற்றினர். எருக்கலம்பிட்டியிலும் முசலியிலும் வாழ்ந்தோர் உட்பட எழுபதாயிரத்துக்கு மேற்பட்டோர் ஊரிழந்தார்கள். பெரும்பாலோர் புத்தளத்தில் தஞ்சமடைந்தார்கள். அதே காலத்தில் தமிழ்க் குடும்பங்கள் படகேறி இந்தியா சென்றன, மடுவில் தஞ்சம் புகுந்தன. இன்று இவ்விரு சமூகத்துப் பிள்ளைகளும் ஒரே ஊரின் வரலாற்றை ஒரே பக்கத்தில் எழுதினால் என்ன நடக்கும்? நிச்சயம் முரண்பாடு வரும். ஒருவர் எழுதிய வரியை மற்றவர் அழிக்கலாம். தொகை கூடியவர்களின் நினைவு மற்றவர்களின் நினைவை மூடிவிடவும் கூடும். விக்கி தானாக நீதி வழங்காது. ஆனால் அழிக்கப்பட்ட வரியும் வரலாற்றில் நிற்கும். ஏன் அழித்தாய் என்று உரையாடற் பக்கத்தில் கேட்கலாம். அதற்கு ஆதாரம் காட்டிப் பதில் சொல்லவேண்டி வரும். இவ்வுரையாடலை அமைதியாக வழிநடத்துவதே ஆசிரியரின் முதற் கடமை.

தொடங்கும் வழி

இணைய இணைப்பு இல்லையென்று தயங்க வேண்டியதில்லை. விக்கி மென்பொருள் இலவசமானது. பாடசாலையிலுள்ள ஒரு கணனியில் அதை நிறுவி, அந்த வளாகத்துக்குள் மட்டும் பயன்படுத்தலாம். கணனியும் இல்லாவிட்டால் பார்பியானாவின் கடதாசித் துண்டுகள் போதும்.

சில ஒழுங்குகளை முன்கூட்டியே வகுப்பில் பேசி முடிவு செய்தல் நன்று. ஐந்து பேருக்கு மேற்படாத குழுக்களாக எழுதுதல். வெட்டுபவர் காரணத்தை எழுதிவைத்தல். சொன்ன முதியவரின் சம்மதத்தைக் கேட்டு, பின்னர் அவருக்கு வாசித்துக் காட்டுதல். பிறர் நூலில் பார்த்து அப்படியே எழுதாதிருத்தல். பிள்ளைகளின் படம், முகவரி ஆகியவற்றைப் பொதுவில் இடாதிருத்தல். புள்ளி வழங்குவதாயின் முடிந்த பக்கத்துக்கு ஒரு பகுதியும், ஒவ்வொருவரும் செய்த திருத்தங்களுக்கு ஒரு பகுதியும் வழங்கலாம். அப்போது ‘யாருக்குப் புள்ளி?’ என்ற கேள்விக்கு வரலாற்றுப் பகுதியே சாட்சி சொல்லும்.

கரைவலையை ஒருவர் இழுக்க முடியாது. இரு பக்கக் கயிற்றிலும் ஆட்கள் நின்று, ஒருவர் கைவேகத்தை மற்றவர் பார்த்து இழுக்கவேண்டும். எம் பிள்ளைகள் இதைக் கரையில் நாளும் காண்கிறார்கள். வகுப்பறையிலும் அதைப் பழகச் சந்தர்ப்பம் கொடுப்போம்.

குழுவாகச் சிந்திக்க:

1. உங்கள் கிராமத்தைப் பற்றி இதுவரை எழுதியவர்கள் யார்? அவர்கள் எதை விட்டுவிட்டார்கள்?
2. உங்கள் எழுத்தை இன்னொருவர் திருத்தினால் எதை ஏற்பீர்கள், எதை ஏற்கமாட்டீர்கள்?
3. அயல் சமூகத்தவரோடு சேர்ந்து எழுதக்கூடிய ஒரு பக்கம் எது? எந்த முதியவரிடமிருந்து அதைத் தொடங்குவீர்கள்?