பள்ளியில் தீ: இழப்பைக் கணக்கிட வேண்டியவர் யார்?

பள்ளிக் கட்டடத்தில் தீப்பிடித்து அணைந்த மறுநாள் நிர்வாகத்துக்கு முதலில் தோன்றுவது துப்புரவுதான். பெற்றோர் வந்து பார்ப்பதற்குள் கரிபடிந்த சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துவிட வேண்டும், திங்கட்கிழமை வகுப்பு நடக்க வேண்டும் என்ற பதைப்பு புரிந்துகொள்ளக்கூடியது. ஆனால் எரிந்த பெஞ்சுகளும் உருகிய கணினிகளும் லாரியில் ஏறும்போது கிளைமுக்கான சான்றும் சேர்ந்து ஏறிவிடுகிறது. ஆறு மாதம் கழித்து எதிர்பார்த்ததில் பாதித் தொகைக்குக் காசோலை வரும்போது, "இன்ஷூரன்ஸ்காரன் ஏமாற்றிவிட்டான்" என்று பேச்சு எழுகிறது. சில நேரம் அது உண்மை. பல நேரங்களில் பள்ளி தன் இழப்பைத் தானே கணக்கிடாமல், அந்த வேலையை முழுக்கச் சர்வேயரிடம் விட்டதன் விளைவு.

சர்வேயர் யார் என்பதிலிருந்தே குழப்பம் தொடங்குகிறது. அவர் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யிடம் உரிமம் பெற்றவர். நடுநிலையோடு மதிப்பிடக் கடமைப்பட்டவர். ஆனால் அவரை நியமிப்பதும் அவருக்குக் கட்டணம் தருவதும் காப்பீட்டுக் கம்பெனி. 2024இல் ஆணையம் வெளியிட்ட சுற்றறிக்கைப்படி, கிளைம் தெரிவித்த 24 மணி நேரத்துக்குள் சர்வேயரை நியமிக்க வேண்டும், 15 நாளில் அறிக்கை வர வேண்டும், அதன்பின் 7 நாளில் கம்பெனி முடிவு சொல்ல வேண்டும். அந்த அறிக்கையின் நகலைப் பள்ளி கேட்டு வாங்கலாம். கட்டாயம் வாங்க வேண்டும். ஒரு வாகனக் கிளைம் வழக்கில் 2009இல் உச்ச நீதிமன்றம், சர்வேயரின் அறிக்கை கிளைமைத் தீர்க்க அடிப்படையாகலாம், ஆனால் அதுவே இறுதிச் சொல் அல்ல, யாரையும் கட்டுப்படுத்தாது என்று தெளிவாக்கியது. ஆனால் அதை மறுக்க எதிர்க்கணக்கு ஒன்று கையில் இருக்க வேண்டுமே! வெறும் ஆதங்கத்தை எந்த ஆணையமும் சான்றாக ஏற்பதில்லை.

அந்த எதிர்க்கணக்கு தீ அணைந்த முதல் சில நாட்களில்தான் உருவாகிறது. கம்பெனிக்கு உடனே எழுத்தில் தகவல் கொடுப்பதும், தீயணைப்புத் துறை அறிக்கைக்கும் காவல் நிலையப் பதிவுக்கும் மனுப் போடுவதும் பெரும்பாலும் நடந்துவிடுகின்றன. விடுபடுவது, சர்வேயர் பார்க்கும்வரை இடத்தைக் கலைக்காமல் வைத்திருப்பது. ஒவ்வோர் அறையையும் நான்கு மூலையிலிருந்தும் படமெடுத்து, எரிந்த பெஞ்சுகளின் இரும்புச் சட்டங்களை எண்ணி, கணினியின் பின்புறத்தில் உள்ள வரிசை எண்ணைக் குறித்து, அதை இருப்புப் பதிவேட்டோடும் வாங்கிய பில்லோடும் பொருத்த வேண்டும். பதிவேடே எரிந்திருந்தால் விற்ற கடையிலும் தணிக்கையாளரிடமும் நகல் கிடைக்கும். தீயணைப்பு வண்டி பீய்ச்சிய தண்ணீரில் கெட்ட நூலகப் புத்தகங்களும், புகையேறிப் பழுதான ஸ்மார்ட் போர்டும் தீயின் விளைவுகளே. எரியவில்லை என்பதற்காக அவற்றைப் பட்டியலிலிருந்து விட்டுவிடக் கூடாது.

கட்டடத்தில்தான் பெரிய தொகை நழுவுகிறது. மேற்கூரைத் தளம் இடியாமல் நின்றால் "பூச்சு வேலையும் பெயின்ட்டும் போதும்" என்று அறிக்கை வருவதற்கு வாய்ப்பு அதிகம். கான்கிரீட் ஏறத்தாழ 300 டிகிரி செல்சியசைத் தாண்டிச் சூடானால் பெரும்பாலும் இளஞ்சிவப்பாக நிறம் மாறும். அதன் வலிமையும் குறையத் தொடங்கும். பூச்சு உரிந்து உள்ளே கம்பி தெரிந்தால் கேள்வி இன்னும் தீவிரமானது. பிள்ளைகள் உட்காரப்போகும் கூரையைப் பற்றிக் கண்ணால் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரை அழைத்து, கான்கிரீட்டின் வலிமையைச் சோதித்து, பொதுப்பணித் துறை விலைப்பட்டியலை ஒட்டி மதிப்பீடு வாங்கினால், அது சர்வேயரின் கணக்குக்கு நேர் நிற்கும் ஆவணம். அதற்குச் செலவாகும்தான். கிளைமில் விடுபடும் தொகையோடு ஒப்பிட்டால் அது அற்பம்.

பள்ளி எவ்வளவு ஒழுங்காக ஆவணம் வைத்திருந்தாலும் காப்பாற்ற முடியாத இடம் ஒன்று உண்டு: குறைக்காப்பீடு. திரும்பக் கட்ட 2 கோடி ரூபாய் ஆகும் கட்டடத்தை 1 கோடிக்குக் காப்பீடு செய்திருந்தால், 40 லட்சம் இழப்புக்கு 20 லட்சம்தான் கணக்கில் வரும். 2021 ஏப்ரல் முதல், ஓரிடத்தில் 5 கோடிக்குள் சொத்துள்ள நிறுவனங்களுக்கான 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா' பாலிசியில் 15 சதவீதம் வரையிலான குறைவு பொறுத்துக்கொள்ளப்படுகிறது. பாதிக்குப் பாதி குறைவை அது பொறுக்காது. வங்கிக் கடன் தொகையையோ, தேய்மானம் கழித்த கணக்கு மதிப்பையோ காப்பீட்டுத் தொகையாக எழுதிவைப்பது இங்கே பரவலான பழக்கம். நிலத்தின் விலையை நீக்கி, இன்றைய விலையில் திரும்பக் கட்டும் செலவை எழுதுவதே சரி. இன்னொன்றும் சொல்ல வேண்டும். கட்டடத் தீக்காப்பீடு சொத்துக்கானது. காயம்பட்ட பிள்ளைக்கு அதிலிருந்து ஒரு ரூபாயும் வராது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் பலியான மாநிலத்தில், பொதுப் பொறுப்புக் காப்பீடும் மாணவர் விபத்துக் காப்பீடும் தனியே எடுக்காத பள்ளி இருப்பதை நியாயப்படுத்த முடியாது.

மறுப்புக் கடிதங்களில் அடிக்கடி தலைகாட்டும் காரணம் மின்கசிவு. பழைய ஒயரிங்கை மாற்றாதது பள்ளியின் அலட்சியம், அதனால் பணமில்லை என்பார்கள். அலட்சியம் வேறு, வேண்டுமென்றே கொளுத்துவது வேறு. பாலிசி விலக்குவது பின்னதை. காப்பீடு எடுத்தவரே தீக்குக் காரணமானவர் அல்ல எனில், தீ எப்படிப் பிடித்தது என்பது முக்கியமல்ல என்று 2023இல் ஒரு கிடங்குத் தீ வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. கசிவுக்கு உள்ளான அந்த மின்சாதனத்துக்கு மட்டும் விலக்கு உண்டு. சுவிட்ச் பெட்டிக்குப் பணம் கிடைக்காது, அதிலிருந்து பரவிய தீயில் எரிந்த ஆய்வகத்துக்குக் கிடைக்கும். தீயணைப்புத் துறைச் சான்று காலாவதியாகிவிட்டது என்று மறுத்தால், பாலிசியின் எந்த நிபந்தனையின்படி என்று எழுத்தில் கேளுங்கள்.

"சண்டை போட்டால் வரும் பணமும் நின்றுவிடும், கட்டடம் கட்ட வேண்டாமா?" என்று தாளாளர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் கொடுத்ததை வாங்குவதும் மீதிக்குப் போராடுவதும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல. தகராறில்லாத பகுதியை முன்பணமாகக் கேட்கலாம். 'முழுத் தீர்வாகப் பெற்றுக்கொண்டேன்' என்ற ரசீதில் கையெழுத்துக் கேட்டால், ஆட்சேபத்தோடு பெறுவதாக அதே நாளில் கடிதம் அனுப்புங்கள். கட்டாயத்தின் பேரில் போட்ட கையெழுத்து உரிமையைப் பறிக்காது என்று 1999இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ரசீதைக் காட்டிக் கூடுதல் இழப்பீட்டை மறுக்கக் கூடாது என்று 2015இல் ஆணையமும் கம்பெனிகளுக்கு அறிவுறுத்தியது. கம்பெனிகளின் தரப்பும் ஒன்று உண்டு: பள்ளிகள் இழப்பை ஊதிப் பெருக்குகின்றன என்பது. அப்படி நடப்பதில்லை என்று சொல்ல முடியாது. பத்துக் கணினி எரிந்த இடத்தில் முப்பது என்று எழுதினால் மொத்தக் கிளைமும் பறிபோக நிபந்தனை இருக்கிறது. வரிசை எண் வரை எழுதிய பட்டியல் அந்தச் சந்தேகத்துக்கும் பதில்.

கம்பெனியின் குறைதீர் பிரிவில் தீராவிட்டால் எங்கே போவது என்பது பள்ளியை நடத்துவது யார் என்பதைப் பொறுத்தது. காப்பீட்டு ஆம்பட்ஸ்மேன் 50 லட்சம் வரை தீர்ப்பளிக்கலாம். ஆனால் அந்த வாசல் தனிநபருக்கும் குறுநிறுவனங்களுக்கும் உரியது, அறக்கட்டளைப் பள்ளிக்குத் திறப்பது ஐயமே. நுகர்வோர் ஆணையத்தில் வரம்பு கோரும் தொகையை வைத்தல்ல, கட்டிய பிரீமியத்தை வைத்து என்பதால், கோடிக்கணக்கான கிளைமும் மாவட்ட ஆணையத்திலேயே தொடங்கலாம். ஆனால் அறக்கட்டளை நுகர்வோராகப் புகார் தர முடியாது என்று பழைய சட்டத்தின் கீழ் 2017இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. 2019ஆம் ஆண்டுச் சட்டத்தில் 'நபர்' என்பதற்கான விளக்கம் விரிந்திருப்பதால் வாதத்துக்கு இடமுண்டு. பதிவுபெற்ற சங்கம் நடத்தும் பள்ளிக்கு இந்தச் சிக்கல் இல்லை. அறக்கட்டளை என்றால் சிவில் நீதிமன்றத்தையும் சேர்த்து வழக்கறிஞரிடம் பேசிவிட்டு, பாலிசியில் யார் பெயர் இருக்கிறது, யார் கையெழுத்திட வேண்டும் என்பதை முதலிலேயே தீர்மானிக்க வேண்டும். நுகர்வோர் புகாருக்கான கெடு இரண்டு ஆண்டு. கம்பெனியோடு கடிதம் எழுதிக்கொண்டே இருப்பதால் அந்தக் கெடு நீளாது.